மாடும் ஒரு கல்வியே

பாடத்தில் மனம் செலுத்தாத பிள்ளையைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் தகுதி" என்று கடிந்துகொள்ளும் வழக்கம் தமிழ் பேசும் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. கல்முனையிலும் உண்டு, சம்மாந்துறையிலும் உண்டு, அக்கரைப்பற்றிலும் உண்டு. அவ்வாறு சொல்லிச் சொல்லியே வளர்த்த பெற்றோரின் முன்னே, க. பொ. த. உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்திய மகள் ஒருத்தி வந்து நின்று, "வாப்பா, விலங்கு விஞ்ஞானம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது" என்று சொன்னால் அவ்வீட்டில் என்ன நடக்கும்? வாப்பா சற்று நேரம் வாய் திறவார். உம்மாவோ, "மாட்டைப் படிக்கவா மகள் இவ்வளவு காலமும் கண்விழித்தாய்?" என்பார். அயல்வீட்டு மாமி வந்து, "அடுத்த முறை எழுதினால் டொக்டருக்கே கிடைக்கும்" என்று ஆறுதல் கூறுவார்.

ஆண்டுதோறும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடைபெறக்கூடிய உரையாடல் இது. இத்தகைய குடும்பங்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம். கிடைத்த இடம் ஆறுதல் பரிசா, அல்லது கைநழுவ விடக்கூடாத செல்வமா என்பதை அவர்கள் தாமே தீர்மானிக்க வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளைச் சொல்லுவது எமது கடன்.

முதற்கண் ஒன்றை நினைவூட்டுவோம். பழந்தமிழில் 'மாடு' என்னும் சொல்லுக்குச் 'செல்வம்' என்றே பொருளுண்டு. ஒருவனுடைய மந்தையே அவனுடைய சொத்தாக எண்ணப்பட்ட காலம் அது. விலங்குகளைப் பற்றிய ஆராய்ச்சியை அறிஞர்கள் இழிவாகக் கருதியதுமில்லை. 9ஆம் நூற்றாண்டிலே பசறா நகரத்து அல்-ஜாஹிழ் விலங்குகளைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை அரபு மொழியில் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மார்க்க அறிஞர் அத்-தமீரி, விலங்குகளின் பெயர்களை அகரவரிசையில் அமைத்துக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தார். 1761 இல் பிரான்சு தேசத்தின் லியோன் நகரில் நிறுவப்பட்ட மிருக வைத்தியக் கல்லூரியே, அவ்வகையில் நவீன உலகின் முதற் கல்லூரியாகப் போற்றப்படுகின்றது. ஆகவே, இது நேற்று முளைத்த படிப்பன்று.

கரையும் பட்டியும்

மருதமுனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் வட்டைகள். இவ்விரண்டுக்கும் இடையே நெருங்கி வாழும் மக்களுக்கு மாடு எங்கே இருக்கின்றது என்று கேட்கத் தோன்றலாம். மாடு வீட்டு முற்றத்தில் இல்லை, பட்டியில் இருக்கின்றது. வயல்களுக்கு அப்பால், காட்டோரங்களிலும் ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் பட்டிகள் அமைந்துள்ளன. மாடு ஒருவருடையதாக இருக்கும். பார்ப்பவர் வேறொருவராக இருப்பார். தமிழரும் முஸ்லிம்களும் பல தலைமுறைகளாகக் கூடிச் செய்துவரும் தொழில்களுள் இதுவும் ஒன்று.

முன்னாளில் எருமை இல்லாமல் வேளாண்மை இல்லை. சேற்றை மிதித்துப் பண்படுத்தியதும் எருமையே. களத்திலே சூடு மிதித்ததும் எருமையே. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அவ்வேலைகள் அதனிடமிருந்து நீங்கின. இன்று எருமையை நாம் நினைப்பது தயிர்ச் சட்டியைக் காணும்போது மட்டுமே. சோற்றுக்குப் பின் கட்டித் தயிரும் சீனியும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்து உண்ணும் இன்பத்தை இக்கரையோரத்தார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அந்தச் சட்டிக்குப் பின்னால் ஒரு நெருக்கடி மறைந்து கிடக்கின்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக நீர் பெருகிற்று, நெல் பெருகிற்று. நெல் பெருகப் பெருக மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. விதைப்புக் காலம் வந்ததும் வயலை விட்டு மாடுகள் வெளியேற வேண்டும். எங்கே போவது? முன்பு புல் முளைத்த இடத்தில் இன்று நெல் முளைக்கின்றது. மற்றோரிடம் காட்டு இலாகாவின் எல்லைக்குள் அடங்கிவிட்டது. வட்டமடுப் பகுதியில் வேளாண்மை செய்வோருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் இடையே நீண்டகாலமாகத் தகராறு இருந்து வருவதைப் பத்திரிகை படிப்போர் அறிவர்.

மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம். நமது தேநீர்க் கடைகளிலே ஆற்றப்படும் பால் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் கடல் கடந்து, மாவாக வருகின்றது. நாட்டின் பால் தேவையில் பாதிக்கும் குறைவான பங்கையே உள்நாட்டுப் பசுவும் எருமையும் நிறைவேற்றுகின்றன. அந்நியச் செலாவணி வற்றிப்போன 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பால்மாப் பைக்கற் ஒன்றுக்காக மக்கள் வரிசையில் காத்து நின்றதையும், பல கடைகளில் வெறுந்தேநீர் மட்டுமே விற்கப்பட்டதையும் யார் மறந்திருப்பர்? பட்டிகள் நிறைந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் பால் இல்லாமற் போயிற்று. இக்குறையைப் பணத்தால் மட்டும் தீர்க்க முடியாது, அறிவும் வேண்டும். அந்த அறிவைத் தருவதே விலங்கு விஞ்ஞானம்.

இரண்டு படிப்புகள்

நம்மவர்கள் பெரும்பாலும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளும் இரண்டு படிப்புகள் உள்ளன. ஒன்று மிருக வைத்தியம். நோயுற்ற விலங்கைச் சோதித்து மருந்து கொடுக்கவும் சத்திர சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற மிருக வைத்தியரை உருவாக்குவது அது. இலங்கையில் அப்பட்டத்தை வழங்குவது பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றே. 1940களின் இறுதியில் கொழும்பிலே தொடங்கிய அக்கல்வி பின்னர் பேராதனைக்கு மாறி, 1980 முதல் தனிப் பீடமாக நடைபெற்று வருகின்றது.

மற்றது விலங்கு விஞ்ஞானம். விலங்கின் தீனி, இனவிருத்தி, வளர்ப்பு, பால், இறைச்சி, முட்டை ஆகியவற்றின் தரம், பண்ணையின் வரவு செலவு என்பவற்றையெல்லாம் ஆராயும் கல்வி இது. நோய் வந்தபின் பார்ப்பவர் வைத்தியர். நோயும் நட்டமும் வாராதபடி மந்தையை நடத்தக் கற்றவர் விலங்கு விஞ்ஞானி. இதைக் கற்றவர் மிருக வைத்தியராகத் தொழில் புரிய முடியாது என்பதை மாணவர்கள் முதலிலேயே தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

இக்கல்வியைப் பெற நம்மவர்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டுமென்பதுமில்லை. மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தில், விவசாய பீடத்தின் ஓர் அங்கமாக விலங்கு விஞ்ஞானத் துறை இயங்குகின்றது. பேராதனை விவசாய பீடத்திலும், கிளிநொச்சியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் இத்துறை உண்டு. வந்தாறுமூலையிலும் கிளிநொச்சியிலும் மாணவர்கள் விவசாயம் கற்கச் சேர்ந்து, பின்னர் விலங்கு விஞ்ஞானத்தைச் சிறப்பாகப் பயில்வர். 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமோ விலங்கு விஞ்ஞானத்தையே பெயராகக் கொண்ட நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை வழங்குகின்றது. 1995 இல் தோன்றி, ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நமது வாசலிலேயே இருந்தபோதிலும், இந்தத் துறைக்கு மாணவர்கள் வந்தாறுமூலைக்கோ பதுளைக்கோ பேராதனைக்கோ செல்லுதலே வழக்கமாகும்.

உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிலே கற்றோருக்கு இவ்வழி திறந்துள்ளது. விஞ்ஞானத் துறை அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் பகிரப்படுவது மரபு. அம்பாறையும் அத்தகைய மாவட்டங்களுள் ஒன்றாகும். வேண்டிய பாடங்களும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை. ஆதலால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். கற்பிக்கும் மொழி ஆங்கிலம் என்பதையும் மறவாது, விடுமுறைக் காலத்தில் அதற்கு ஆயத்தமாதல் நன்று.

வைக்கோல் சொல்லும் பாடம்

"அப்படி என்னதான் அங்கே கற்பிக்கின்றார்கள்?" என்று கேட்போருக்கு ஒரே ஓர் உதாரணம் தருவோம். அது நமது வயலிலே கிடக்கும் வைக்கோல்.

அறுவடை முடிந்ததும், நெல்லின் எடைக்கு ஏறக்குறைய ஒத்த அளவு வைக்கோல் எஞ்சுகின்றது. ஒரு பகுதியை மாடு தின்கிறது. ஒரு பகுதி மழையில் அழுகுகிறது. ஒரு பகுதி தீக்கிரையாகிறது. மேய்ச்சல் நிலம் இல்லை என்று மாடு தவிக்கும் அதே மாவட்டத்தில், மாட்டுத் தீனி எரிந்து புகையாகின்றது! இது என்ன விந்தை?

விந்தைக்கு விடை மாட்டின் வயிற்றில் உள்ளது. மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவது அறை பெரியதொரு புளிக்கும் தொட்டி போன்றது. அதனுள் வாழும் எண்ணற்ற நுண்ணங்கிகளே புல்லின் நாரை உடைக்கின்றன. அந்த நுண்ணங்கிகள் பெருகிப் பின்னறைகளுக்குச் செல்லும்போது மாடு அவற்றையே சமித்துத் தன் புரதத்தைப் பெறுகின்றது. எனவே மாட்டுக்குத் தீனி போடுகிறவர் உண்மையில் அந்த நுண்ணங்கிகளுக்கே முதலில் விருந்து வைக்கின்றார். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே உண்டு; நுண்ணங்கிகள் செழித்து வேலை செய்ய ஏழு பங்கு அளவாவது வேண்டும். அத்துடன் வைக்கோலின் நார் எளிதில் உடைபடாத கெட்டித் தன்மையது. ஆகவேதான் வைக்கோலை மட்டும் தின்னும் மாடு வயிறு நிறைந்தும் மெலிகின்றது.

இதற்குப் பரிகாரம் தேடிய ஆராய்ச்சி 1980களில் நமது நாட்டிலேயே நடைபெற்றது. பேராதனையில் விலங்கு விஞ்ஞானப் பேராசிரியராயிருந்த எம். சி. என். ஜயசூரிய முதலியோர், யூரியாக் கரைசலிலிருந்து வெளிப்படும் அமோனியா வாயுவைக் கொண்டு வைக்கோலைப் பதப்படுத்தும் முறையைச் சோதித்தனர். அத்துறையைச் சேர்ந்த எம். என். எம். இப்றாகீம், ஒல்லாந்து அறிஞர் ஷீரேயுடன் சேர்ந்து அந்த அனுபவங்களைத் தொகுத்து 1989 இல் ஒரு நூலாக வெளியிட்டார். முறை எளியது. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, 100 கிலோ உலர்ந்த வைக்கோல்மீது படிப்படியாகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று வாரம் வைத்திருத்தல். அமோனியா நாரைத் தளர்த்துகின்றது. நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நைதரசனையும் சேர்க்கின்றது. மாடு அதிகம் தின்கிறது. தின்றதில் அதிகத்தைச் சமிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். யூரியாவை நேரடியாகத் தின்ற மாடு மாண்டுபோகும். பதப்படுத்திய வைக்கோலையும் சற்று நேரம் காற்றாட விட்டே கொடுக்க வேண்டும். முதலிரைப்பை முதிராத இளங்கன்றுக்கு அதைக் கொடுத்தலாகாது. செய்ய விரும்புவோர் தமது பிரதேசத்துக் கால்நடை அலுவலரைக் கேட்டுச் செய்வார்களாக.

நிற்க. இத்தனை எளிய முறை ஏன் நமது பட்டிகளிற் பரவவில்லை? தெளிக்கவும் மூடவும் ஆள் வேண்டும்; மூடும் தாளுக்குக் காசு வேண்டும்; யூரியாவின் விலை ஏறியது; பாலின் விலை அதற்கேற்ப ஏறவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விழுந்தபோது யூரியாவே அரிதாயிற்று. ஆராய்ச்சிசாலையில் வென்றது பட்டியில் வெல்ல வேண்டுமானால், மாட்டை மட்டுமன்றி மாட்டுக்காரனையும் அறிந்த ஒருவர் வேண்டும். விடியற்காலையில் அவனோடு நின்று, அவனுடைய கணக்கைக் கேட்டு, அவனுடைய கைக்கு எட்டும் வழியைச் சொல்ல வேண்டும். நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ பிறந்து, அவனுடைய மொழியைப் பேசும் பட்டதாரியை விட இதற்குத் தகுந்தவர் யார்?

நோயை வென்ற அறிவு

தீனியைப் போலவே நோய்த் தடுப்பும் இக்கல்வியின் ஒரு பகுதி. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இலங்கையிற் காணப்படாதிருந்த மாட்டு வெக்கை நோய் 1987 இல் மீண்டும் நுழைந்தது. இந்தியாவிலிருந்து உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்ததாக மிருக வைத்திய நூல்கள் கூறுகின்றன. போர் நடந்த காலம். கிழக்கிலும் வடக்கிலும் வைத்தியர் செல்ல முடியாத இடங்கள் பல. மாடுகளும் எருமைகளும் கூட்டங் கூட்டமாக மடிந்தன. ஆட்டை இலேசாகத் தொட்ட வைரசு மாட்டைக் கொன்றது. தடுப்பூசியால் அந்நோய் அடக்கப்பட்டு, 1994 உடன் இலங்கையை விட்டு நீங்கிற்று. 2011 இல் உலகம் முழுவதிலுமிருந்தே அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே: ஒன்று பெரியம்மை, மற்றது இந்த வெக்கை. இரண்டாவது வெற்றிக்கு அடிகோலியவர், கென்யாவில் நம்பகமான தடுப்பூசியை உருவாக்கிய வோல்ற்றர் பிளவுறைற் என்னும் மிருக வைத்தியர்.

எருமைகளை மழைக்காலத்தில் ஓரிரு நாளிற் கொன்றுவிடும் தொண்டையடைப்பான் நோயைப் பற்றி உலகம் மதிக்கும் ஆய்வுகளைச் செய்தவர் நமது நாட்டவரான எம். சி. எல். டி அல்விஸ் ஆவார். நோயிலிருந்து தப்பிய எருமை தன் தொண்டையிலே கிருமியை மறைத்து வைத்திருந்து, பின்னொரு நாள் பிறவற்றுக்குப் பரப்பக்கூடும் என்பது இத்தகைய ஆய்வுகளால் விளங்கிற்று. மழைக்கு முன்பே பட்டி முழுவதற்கும் ஊசி போடவேண்டும் என்று அலுவலர் வற்புறுத்துவதன் காரணம் இப்போது புரிகின்றதல்லவா?

எருமையில் தொடங்கிய பயணம்

"இதைப் படித்து எவ்வளவு தூரம் போகலாம்?" என்பது இளைஞர்களின் கேள்வி. ஆரிப் பொங்சோ என்னும் இலங்கையரின் வரலாறு அதற்கு விடையளிக்கும். பேராதனையில் மிருக வைத்தியம் கற்றவர் அவர். 1970களில், இலங்கை நாட்டெருமையின் கலங்களிலுள்ள நிறமூர்த்தங்களை எண்ணிய ஆய்வாளர்களுள் அவரும் ஒருவர். எருமையில் சேற்றெருமை, ஆற்றெருமை என இரு வகையுண்டு. முன்னதற்கு 48 நிறமூர்த்தங்கள், பின்னதற்கு 50. நமது எருமை தோற்றத்தில் சேற்றெருமையை ஒத்திருந்தும், எண்ணிப் பார்க்கையில் 50 இருந்தன. ஆகவே, முரா போன்ற உயர்ந்த கறவை இனங்களோடு அதைக் கலக்கும்போது நிறமூர்த்தக் கணக்கில் முரண்பாடு எழாது. பட்டிக்காரனுக்கு நேரே பயன்படும் செய்தி இது.

அதே பொங்சோ பின்னர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மனிதக் கருவின் ஆரம்ப நிலையை ஆராய்ந்தார். உடலின் எவ்வுறுப்பாகவும் வளரவல்ல மூலக்கலங்களை மனிதக் கருவிலிருந்து பிரித்தெடுத்த செய்தியை 1994 இல் அவரது குழுவினர் வெளியிட்டனர். உலகமே திரும்பிப் பார்த்த துறையின் முன்னோடிகளுள் ஒருவர், தம் கல்வியை விலங்குகளிடமிருந்து தொடங்கியவர் என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

எல்லோரும் அவ்வுயரத்தை எட்டுவர் என்று நாம் சொல்லவில்லை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், தேசிய கால்நடை அபிவிருத்திச் சபை, கோழிப் பண்ணைகள், தீனி ஆலைகள், பாற்பொருள் நிலையங்கள், கிராமியக் கடன் வழங்கும் வங்கிகள், பாடசாலைகள் ஆகியவை இக்கல்வி கற்றோருக்கு வேலை தரும் இடங்கள். பட்டம் பெற்ற மறுநாளே அரசாங்க நியமனம் வீட்டுக்கு வரும் என்று எண்ணுவோர் ஏமாற்றமடையக்கூடும். சொந்தமாகச் சிறு தயிர்த் தொழிலோ ஆட்டுப் பண்ணையோ தொடங்கும் துணிவுடையோருக்கு இப்படிப்பு இரு மடங்கு பயன் தரும். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் காலங்களில் நமது ஊர்களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள தேவையை அறியாதவர் யார்?

பெற்றோருக்கு

பெண்பிள்ளைகளைப் பெற்றோருக்கு ஒரு தனி வார்த்தை. தூர ஊர், விடுதி வாழ்க்கை, சாணமும் சேறும் மிதிக்கும் செய்முறை வகுப்பு என்பவற்றை எண்ணித் தயங்குகின்றீர்கள். அத்தயக்கம் இயல்பானதே. ஆனால் இக்கல்வியில் ஆய்வுகூடம் உண்டு, உணவுத் தரப் பரிசோதனை உண்டு, கற்பித்தல் உண்டு. பெண்கள் சிறந்து விளங்குவதற்கு இடம் நிறைய உண்டு. வீட்டில் கோழி வளர்ப்பவரும், பால் காய்ச்சுபவரும், தயிர் உறையவிடுபவரும் யார்? காய்ச்சாத பாலினால் மாட்டின் கருச்சிதைவு நோய் மனிதருக்கும் தொற்றலாம் என்பதைப் படித்த மகள் ஒருத்தி எடுத்துச் சொன்னால், அவளுடைய வார்த்தை தெருவிலுள்ள எல்லா அடுக்களைகளுக்கும் எட்டும்.

மருத்துவத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது என்பதற்காக விருப்பமில்லாத பிள்ளையை இதிலே தள்ளிவிடுவதும் தவறு. மனமில்லாதவனுக்கு எக்கல்வியும் சுமையே. ஆகையால் விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன், ஒரு விடியற்காலையில் உங்கள் மகனையோ மகளையோ தெரிந்தவர் ஒருவருடைய பட்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். பால் கறப்பதைப் பார்க்கட்டும். இந்தப் பசு ஏன் அரைப் போத்தலோடு நின்றுவிட்டது, அந்தக் கன்று ஏன் வயிறு ஊதி நிற்கின்றது, அங்கே குவிந்து கிடக்கும் வைக்கோலை என்ன செய்யப் போகின்றார்கள் என்று பிள்ளையின் வாயிலிருந்து கேள்விகள் பிறக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறந்தால், கூச்சமின்றி அப்படிப்பை முதல் விருப்பமாகவே எழுதச் சொல்லுங்கள். அக்கேள்விகளுக்கு விடை அறிந்தவர்களுக்காக நமது பட்டிகள் காத்திருக்கின்றன.